மெடிக்கல் கார்டும் அடகுச் சீட்டும்

(கிள்ளானில் நடைபெற்ற சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே வெளியிடப்படுகிறது.)



ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். காலை ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு நேரே வந்தவர்களையும் பார்க்கிறேன். உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். இன்று பேசப் போவது உங்கள் பணப்பையில் இருக்கும் மெடிக்கல் கார்டு பற்றி. தனியார் மருத்துவக் காப்புறுதியை அரசாங்கம் கட்டுப்படுத்த வேண்டுமா, வேண்டாமா என்று நாட்டில் ஒரு வாக்குவாதம் நடக்கிறது. பெரிய இடத்து விவகாரம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். அதில் அடிபடுவது நாம்தான்.

முதலில் நான் தோற்ற ஒரு கேஸைச் சொல்கிறேன்.

காப்பார் பக்கம் ஒரு லோரி டிரைவர். ஐம்பது வயது நெருங்கியவர். மாதம் 180 வெள்ளி கட்டி ஒரு மெடிக்கல் கார்டு வைத்திருந்தார். ஏஜென்ட் வீட்டுக்கு வந்து, வரவேற்பறையில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே பாரத்தைப் பூர்த்தி செய்தார். “சீனி, பிரஷர் ஏதும் இருக்காண்ணே?” என்று கேட்டிருக்கிறார். “ஒரு தடவை அரசாங்க கிளினிக்குல பார்த்தாங்க, கொஞ்சம் கூட இருக்குன்னு சொன்னாங்க, மருந்தெல்லாம் இல்ல” என்று இவர் சொல்லியிருக்கிறார். “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்று சொல்லி ஏஜென்ட் ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டார். இவர் கையெழுத்துப் போட்டார்.

பதினாறு மாதம் ஒழுங்காகக் கட்டினார். அப்புறம் நெஞ்சுவலி. தனியார் மருத்துவமனைக்கு ஓடினார்கள். கார்டைக் காட்டினால் போதும் என்று நினைத்தவர்களிடம், உத்தரவாதக் கடிதம் கிடைக்கவில்லை, முன்பணம் கட்டுங்கள் என்றார்கள். மனைவி தாலிக்கொடியை அடகு வைத்தார். அடைப்பை எடுத்தார்கள், உயிர் பிழைத்தார். பில் 38,000 வெள்ளி. தம்பியிடம் கடன், மச்சானிடம் கடன், வேனை விற்றார்கள். மார்ச் 2023ல் காப்புறுதி நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நீங்கள் நோயை மறைத்தீர்கள், ஆகவே பாலிசி தொடக்கத்திலிருந்தே செல்லாது, நீங்கள் கட்டிய 2,880 வெள்ளியை இத்துடன் திருப்பித் தருகிறோம்.

அந்தக் கடிதம் என் கைக்கு வந்தது நவம்பர் மாதம். எட்டு மாதம் அது குளிர்சாதனப் பெட்டியின் மேல், கரண்ட் பில்லுக்கும் தண்ணீர் பில்லுக்கும் அடியில் கிடந்திருக்கிறது. இரண்டு பக்க ஆங்கிலக் கடிதம். இரண்டாம் பக்கத்தின் கடைசியில் சின்ன எழுத்தில், இந்த முடிவில் திருப்தி இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் குறைதீர்ப்பு நடுவரிடம் முறையிடலாம் என்று இருந்தது. முறையிடக் காசு வேண்டாம், வக்கீல் வேண்டாம். ஆனால் ஆறு மாதம் கடந்துவிட்டது.

அந்தத் தாயிடம் நான் கொஞ்சம் கடுமையாகக் கேட்டுவிட்டேன். “ஏன்மா, தேதியைப் பார்க்கலையா?” அவர் ஒன்றும் பேசாமல் கைப்பையைத் திறந்து அடகுச் சீட்டை எடுத்துக் காட்டினார். நம் நாட்டில் அடகுக்கும் ஆறு மாதம்தான் தவணை. அந்தத் தேதியைச் சுவர்க் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, நாள் தவறாமல் போய் வட்டி கட்டிச் சீட்டைப் புதுப்பித்து, தாலிக்கொடி ஏலத்துக்குப் போகாமல் காப்பாற்றி வைத்திருந்தார். தேதி பார்க்கத் தெரியாதவர் இல்லை அவர். எந்தச் சீட்டில் தேதி முக்கியம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக இன்றும் நான் வெட்கப்படுகிறேன்.

பிறகு நீதிமன்றம் போனோம். ஒப்பந்த வழக்குக்கு ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. இழுபறிக்குப் பிறகு ஒரு தொகைக்குச் சமரசம் ஆனது. அவர்கள் வாங்கிய கடனில் பாதிக்குக்கூட அது வரவில்லை. சமரசத்தின் நிபந்தனைப்படி நிறுவனத்தின் பெயரை நான் சொல்லக்கூடாது. சொல்லியும் பயனில்லை, ஏனென்றால் இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டும் அல்ல.

இப்போது வாக்குவாதத்துக்கு வருகிறேன்.

2024ஆம் ஆண்டு கடைசியில் பலர் வீட்டுக்குக் கடிதம் வந்தது. அடுத்த ஆண்டு உங்கள் பிரிமியம் 40 விழுக்காடு, 50 விழுக்காடு, சிலருக்கு 70 விழுக்காடு வரை ஏறுகிறது என்று. 180 வெள்ளி கட்டியவருக்கு 40 விழுக்காடு ஏறினால் 252 வெள்ளி. 70 விழுக்காடு ஏறினால் 306 வெள்ளி. சம்பளம் அப்படி ஏறியதா? 2025ல் குறைந்தபட்சச் சம்பளம் 1,500லிருந்து 1,700 வெள்ளி ஆனது. அந்த ஏற்றத்தில் பாதிக்கு மேலேயே ஒரு கார்டு தின்றுவிடும்.

நாடு முழுதும் கூச்சல் எழுந்தது. 2024 டிசம்பர் 20ஆம் தேதி பேங்க் நெகாரா தலையிட்டது. காப்புறுதி நிறுவனங்களைக் கண்காணிப்பது பேங்க் நெகாராதான். ஏற்றத்தை ஒரேயடியாகப் போடாதே, குறைந்தது மூன்று ஆண்டுக்குப் பிரித்துப் போடு என்றது. 2026 கடைசி வரைக்குமான ஏற்பாடு அது. குறைந்தது 80 விழுக்காட்டுப் பாலிசிதாரர்களுக்கு ஆண்டு ஏற்றம் 10 விழுக்காட்டுக்குள் இருக்கும் என்று எதிர்பார்ப்பதாகச் சொன்னது. 60 வயதைத் தாண்டியவர்கள் மிகக் குறைந்த திட்டத்தில் இருந்தால் அவர்களுக்கு ஓராண்டுக்கு ஏற்றம் நிறுத்தி வைக்கப்பட்டது. விலை ஏறியதால் 2024ல் கார்டை விட்டவர்கள் மீண்டும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கலாம் என்றும் அறிவித்தது.

நல்ல காரியம்தான். நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நன்றாகக் கவனியுங்கள். ஏற்றம் ரத்தாகவில்லை. தவணை முறையில் வருகிறது. அவ்வளவுதான்.

இதற்கு எதிர்ப்பும் இருந்தது. எதிர்ப்பவர்கள் சொல்வதையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். அவர்கள் சொல்வது இது: 2021க்கும் 2023க்கும் இடையில் காப்புறுதி நிறுவனங்கள் கொடுத்த மருத்துவச் செலவு மொத்தம் 56 விழுக்காடு ஏறியது. வசூலித்த பிரிமியம் 21 விழுக்காடுதான் ஏறியது. இந்தக் கணக்கைச் சொன்னது பேங்க் நெகாராவே. கொடுப்பது கூடி, வாங்குவது குறைந்தால் நிதி வற்றிவிடும். அரசாங்கம் விலையை இறுக்கிப் பிடித்தால் நிறுவனம் பாலிசி விற்பதையே நிறுத்திவிடும், அப்போது யாருக்கும் கார்டு இல்லை.

இந்த வாதத்தில் உண்மை உண்டு. கூட்டு மாதிரிதான் இதுவும். கூட்டு பிடிக்கிறவருக்குக் கட்டுகிற பணத்தைவிட எடுக்கிற பணம் அதிகமானால் கூட்டு உடைந்துவிடும். ஆகவே பிரிமியத்தை மட்டும் இறுக்கிப் பிடித்தால் போதும் என்று உங்களிடம் வந்து பேசுகிற அரசியல்வாதியை நம்பாதீர்கள்.

ஆனால் அந்த 56 விழுக்காடு எங்கிருந்து வந்தது? அங்கேதான் கேள்வி கேட்க வேண்டும்.

நோயாளிகள் பேராசைப்படுகிறார்கள், கார்டு இருக்கிறது என்று பஃபே விருந்து போல் வேண்டியதையெல்லாம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். நான் கேட்கிறேன், நமக்கு எம்.ஆர்.ஐ. வேண்டும் என்று நாமா எழுதிக் கொடுக்கிறோம்? எத்தனை நாள் படுக்க வேண்டும், எந்த மருந்து, எத்தனை ரத்தப் பரிசோதனை என்பதை முடிவு செய்வது மருத்துவமனை. பில் எழுதுவதும் மருத்துவமனை. நாம் படுத்துக் கிடக்கிறோம்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டம். 586ஆம் சட்டம் என்பார்கள். 2006 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிமுறைகளில் 13ஆவது அட்டவணை என்று ஒன்று. ஒரு நிபுணர் உங்களைப் பார்க்க எவ்வளவு வாங்கலாம், ஓர் அறுவைக்கு எவ்வளவு வாங்கலாம் என்று உச்ச வரம்பு அதில் இருக்கிறது. 2013ல் அதை ஒரு முறை உயர்த்தினார்கள். ஆக, டாக்டரின் கட்டணத்துக்குப் பூட்டு உண்டு. ஆனால் பில்லில் மற்ற வரிகளைப் பாருங்கள். அறை, மருந்து, ஊசி, கையுறை, பஞ்சு, இயந்திர வாடகை, நர்ஸிங் கட்டணம். அதற்கெல்லாம் அந்த அட்டவணையில் வரம்பு இல்லை. முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்திருக்கிறோம்.

2025 மே 1ஆம் தேதி முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்தின் விலையைக் காட்ட வேண்டும் என்ற ஆணை வந்தது. அந்த வாரமே டாக்டர்கள் புத்ராஜெயாவில் எதிர்ப்பு ஊர்வலம் போனார்கள். சின்ன கிளினிக் டாக்டர்களின் சிரமம் எனக்குப் புரிகிறது. ஆனால் பாசாரில் வெங்காயத்துக்கு விலை எழுதி வைக்கிறோம், உயிர் காக்கும் மருந்துக்கு எழுதக்கூடாதா? தவிர, விலையைக் காட்டுவது வேறு, விலையைக் கட்டுப்படுத்துவது வேறு. காட்டுவதற்கே இவ்வளவு பாடு.

இன்னொரு சங்கதி. இந்தப் பெரிய தனியார் மருத்துவமனைகள் யாருடையவை? கே.பி.ஜே. குழுமத்தின் பெரிய உரிமையாளர் ஜொகூர் மாநில அரசின் ஜொகூர் கார்ப்பரேஷன். பந்தாய், கிளெனீகிள்ஸ் மருத்துவமனைகளை நடத்தும் ஐ.எச்.எச். நிறுவனத்தில் கஸானாவுக்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டிலும் நம் ஊழியர் சேமநிதி வாரியத்துக்கும் பங்கு உண்டு. அதாவது, மாதா மாதம் உங்கள் சம்பளத்தில் வெட்டுகிற இ.பி.எஃப். பணமும் அங்கே போட்டிருக்கிறது. மருத்துவமனை லாபம் சம்பாதித்தால் சேமநிதிக்கு லாப ஈவு. நம் ஒரு கை பில் கட்டுகிறது, இன்னொரு கை அந்த லாபத்தில் சில காசு வாங்குகிறது. கட்டுப்படுத்த வேண்டிய அரசாங்கம் உரிமையாளராகவும் இருக்கிறது. இதைத் திருட்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் தராசைப் பிடிப்பவரே வியாபாரத்தில் பங்காளியாக இருந்தால், வாங்குபவர் முள்ளைக் கூர்ந்து பார்க்கத்தான் வேண்டும்.

சரி, இதில் இந்தியச் சமுதாயத்துக்கு என்று தனியாக என்ன இருக்கிறது? எல்லா இனத்தவருக்கும்தானே பிரிமியம் ஏறுகிறது?

ஏறுகிறது. ஆனால் அடி ஒரே மாதிரி விழுவதில்லை. சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வைப் பாருங்கள். நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. நீரிழிவு இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது.

இப்போது காப்புறுதிப் பாரத்தில் உள்ள கேள்வியை நினைத்துப் பாருங்கள். ‘உங்களுக்கு நீரிழிவு உண்டா?’ தெரியாதவர் ‘இல்லை’ என்று எழுதுவார். அரைகுறையாகத் தெரிந்தவருக்கு ஏஜென்ட் ‘இல்லை’ என்று எழுதுவார். தெரிந்து ‘உண்டு’ என்று எழுதுபவருக்குக் கார்டே கிடைக்காது, அல்லது இருதயம், சிறுநீரகம், கண், கால் எல்லாம் விலக்கு என்று ஒரு தாள் ஒட்டி வரும். நமக்கு எந்த நோய் அதிகமோ அந்த நோய்க்குத்தான் கார்டு செல்லாது. மழை பெய்யும்போது மட்டும் விரியாத குடை அது.

சட்டம் இதில் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் 9ஆவது அட்டவணை 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்பெல்லாம் கேட்காததையும் நீங்களே சொல்லியிருக்க வேண்டும் என்பார்கள். இப்போது குறிப்பான கேள்வியை நிறுவனம்தான் கேட்க வேண்டும், நீங்கள் நியாயமான கவனத்தோடு பதில் சொன்னால் போதும். வேண்டுமென்றே சொன்ன பொய்யையும் கவனக்குறைவால் வந்த பிழையையும் சட்டம் ஒன்றாகப் பார்ப்பதில்லை. ஏஜென்ட்டுக்குத் தெரிந்தது நிறுவனத்துக்கும் தெரிந்ததாகவே கொள்ளப்படும், இருவரும் சேர்ந்து மறைத்தால் ஒழிய. நல்ல சட்டம். ஆனால் வரவேற்பறையில் ஏஜென்ட்டிடம் வாயால் சொன்னதை எப்படி நிரூபிப்பது? என் லோரி டிரைவரின் கேஸ் அங்கேதான் நொண்டியது.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கிள்ளான் மண்ணின் கதை ஒன்று.

1901ல் கிள்ளானுக்கு மால்கம் வாட்சன் என்று ஒரு டாக்டர் வந்தார். ஊர் முழுக்க மலேரியா. அந்த ஆண்டு திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை, இன்றைய போர்ட் கிள்ளானை, திறந்த சில வாரங்களிலேயே காய்ச்சலுக்குப் பயந்து மூட வேண்டி வந்தது. அவர் ஆளுக்கு ஒரு மருந்துப் புட்டி விற்கவில்லை. அரசாங்கப் பணத்தில் சதுப்பு நிலத்தை வடித்தார், கால்வாய் வெட்டினார், காட்டை ஒதுக்கினார். சாவு குறைந்தது. அந்தக் கால்வாய் கட்டியவனையும் காத்தது, கட்டாதவனையும் காத்தது.

தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகள் செத்து விழுந்த காலம் அது. துரைமார் இரக்கப்பட்டு ஆஸ்பத்திரி கட்டிவிடவில்லை. தொழிலாளர் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தினார்கள். அதனால்தான் தோட்டத்தில் ஆஸ்பத்திரி வந்தது, டிரசர் வந்தார். என் பாட்டி பால்மரம் வெட்டியவர். டிரசர் கொடுத்த கசப்பு மருந்தைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார். அந்த மருத்துவம் தரமானது என்று நான் புகழவில்லை. ஒன்றைத்தான் சொல்கிறேன்: முதலாளி தானாகக் கொடுக்காததைச் சட்டம்தான் வாங்கிக் கொடுத்தது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புக்கு விற்கப்பட்டன. லயத்து வீடு போனது, கோயில் போனது, ஆயாக் கொட்டகை போனது, கூடவே அந்தக் கிளினிக்கும் போனது. மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தோம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தவர்களும் இப்படித்தான் சிதறினார்கள். முன்பு வேலையோடு சேர்ந்து வந்த மருத்துவத்தை இன்று ஏஜென்ட் கையில் காசு கொடுத்து வாங்குகிறோம். அந்த வெற்றிடத்தில்தான் மெடிக்கல் கார்டு நம் வீட்டுக்குள் வந்தது.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்? ஆஸ்திரேலியாவில் தனியார் மருத்துவக் காப்புறுதியின் விலையை ஏற்ற அமைச்சரின் அனுமதி வேண்டும். இந்தியாவில் 2025 ஜனவரியில் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. மூத்த குடிமக்களுக்கு ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றுவதென்றால் முதலில் ஆணையத்தைக் கலந்து பேச வேண்டும். 2024ல் அங்கே இன்னொரு விதியும் வந்தது. ஐந்து ஆண்டு தொடர்ந்து பிரிமியம் கட்டிவிட்டால், மோசடி தவிர வேறு காரணம் சொல்லி, நீ அப்போது நோயை மறைத்தாய் என்று கோரிக்கையைத் தள்ள முடியாது. அமெரிக்காவில் 2014 முதல், ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று தனிநபர் திட்டத்தில் யாரையும் ஒதுக்க முடியாது. வசூலிக்கும் பிரிமியத்தில் குறைந்தது 80 விழுக்காட்டை மருத்துவத்துக்குச் செலவழிக்க வேண்டும், இல்லையென்றால் மீதியை மக்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பக்கத்துச் சிங்கப்பூரில் 2015 நவம்பரிலிருந்து மெடிஷீல்டு லைஃப் திட்டத்தில் எல்லாக் குடிமக்களுக்கும் இடம் உண்டு, நோய் இருந்தாலும். சும்மா வரவில்லை அது. கட்டாயம் எல்லாரும் சேர வேண்டும். கடுமையான நோய் முன்பே இருந்தவர்கள் முதல் பத்து ஆண்டுக்கு 30 விழுக்காடு கூடுதலாகக் கட்ட வேண்டும். ஏழைகளுக்கு அரசாங்கம் மானியம் தருகிறது. இதையும் சேர்த்துச் சொல்வது என் கடமை. நோயாளியைச் சேர்த்துக்கொள் என்று நாம் கேட்டால், அந்தச் செலவை யாரோ சுமக்க வேண்டும். வசதி உள்ளவர் கூடக் கட்டி, வரிப்பணமும் சேர்ந்து அதைச் சுமக்கட்டும் என்பது நம் பதில்.

நம் நாட்டில் 2025ல் நிதி அமைச்சும் சுகாதார அமைச்சும் பேங்க் நெகாராவும் சேர்ந்து ரீசெட் என்ற சீர்திருத்தத்தை அறிவித்தன. எல்லாருக்கும் எட்டக்கூடிய ஓர் அடிப்படைக் காப்புறுதித் திட்டம், நோய் வாரியாகக் கட்டணம் நிர்ணயிக்கும் முறை, விலையை வெளிப்படையாகக் காட்டுவது என்பவை அதில் அடங்கும். நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவும் அந்த ஆண்டு இந்த விலையேற்றத்தை விசாரித்தது. மேசை போட்டுப் பேசுகிறார்கள். அந்த மேசையில் காப்புறுதிக்காரர்கள் இருக்கிறார்கள், தனியார் மருத்துவமனைகள் இருக்கின்றன, டாக்டர்கள் சங்கம் இருக்கிறது. லோரி டிரைவரின் மனைவி இல்லை. ஆகவே நாம் கேட்க வேண்டியதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஒன்று, பிரிமியம் ஏற்றும் ஒவ்வொரு நிறுவனமும், வாங்கியதில் எத்தனை விழுக்காட்டை நோயாளிகளுக்குக் கொடுத்தது என்று பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு கீழ் வரம்பு வேண்டும்.

இரண்டு, 586ஆம் சட்டத்தைத் திருத்தி, டாக்டர் கட்டணத்துக்கு இருப்பது போல் மருத்துவமனையின் மற்றக் கட்டணங்களுக்கும் வரம்பு வேண்டும். இது இல்லாமல் பிரிமியத்தை மட்டும் பிடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது.

மூன்று, நிராகரிப்புக் கடிதம் நமக்குப் புரியும் மொழியில் வர வேண்டும். ‘ஆறு மாதத்துக்குள் முறையிடலாம், கட்டணம் இல்லை’ என்ற வரி முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், கடைசித் தேதியோடு இருக்க வேண்டும். இதற்கு அரசாங்கத்துக்கு ஒரு காசு செலவில்லை.

நான்கு, அடிப்படைத் திட்டம் என்று எது வந்தாலும் சீனி, பிரஷர் உள்ளவர்களை வெளியே நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் இந்தியர்களில் மூன்றில் ஒருவருக்கு அது காகிதத் திட்டம்தான்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. அரசாங்க மருத்துவமனை. இங்கே தெங்கு அம்புவான் ரஹிமாவில் எத்தனை மணி நேரம் காத்திருந்தோம் என்று ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறீர்கள். ஆனால் ஒரு வெள்ளிக்கு டாக்டரையும் ஐந்து வெள்ளிக்கு நிபுணரையும் குடிமக்களுக்குக் காட்டுவது அதுதான். சீனி இருந்தால் வராதே என்று அது சொன்னதில்லை. நம்முடைய உண்மையான காப்புறுதி அது. தனியார் காப்புறுதியைச் சீர்திருத்துகிறோம் என்ற பெயரில் அரசாங்க மருத்துவமனைக்குப் போக வேண்டிய பணமும் ஆளும் குறைந்தால், நாம் முதலுக்கே மோசம் போவோம்.

கேட்டால் கிடைக்குமா என்று சிலர் நினைக்கலாம். 2008 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். தேசிய இருதயக் கழகத்தின் 51 விழுக்காட்டுப் பங்கைச் சைம் டார்பி வாங்கப் போகிறது என்று செய்தி வந்தது. சைம் டார்பி என்றால் நம் தோட்டத்து ஆட்களுக்கு அறிமுகம் தேவையில்லை. நாடு முழுதும் மக்கள் எதிர்த்தார்கள். அந்த விற்பனை நடக்கவில்லை. ஆகவே கேட்டால் நடக்கும்.

கடைசியாக, வீட்டில் செய்ய வேண்டியவை. சட்டம் மாறும் வரை காத்திருக்க முடியாது.

புதுப் பாரத்தை ஏஜென்ட் எழுதினாலும், நீங்களோ பிள்ளைகளோ ஒவ்வொரு கேள்வியையும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு தடவை ‘கொஞ்சம் கூட’ என்று சொல்லியிருந்தாலும் எழுதுங்கள். பாரத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பாலிசி கைக்கு வந்து 15 நாளுக்குள் பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்கலாம்.

விலை ஏறிவிட்டது என்று கோபத்தில் கார்டை வெட்டிவிடாதீர்கள். குறைந்த விலையில் மாற்றுத் திட்டம் உண்டா என்று நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். புதுக் கார்டு எடுத்தால் பொதுவாக நோய்க்கு 30 நாளும், சீனி, பிரஷர், இருதயம் போன்றவற்றுக்கு 120 நாளும் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் விழுந்தால் இரண்டு கார்டும் உதவாது. நீங்களும் ஒரு பங்கு செலவைக் கட்டும் திட்டங்கள் 2024 செப்டம்பர் முதல் விற்பனையில் கட்டாயம் இருக்கின்றன. பிரிமியம் குறையும், உண்மை. ஆனால் 20,000 வெள்ளி பில்லில் 5 விழுக்காடு என்றால் 1,000 வெள்ளி. அது கையில் இருக்குமா என்று எண்ணிவிட்டுச் சேருங்கள்.

உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு உயிர் காக்கும் முதல் சிகிச்சை கொடுக்கத் தனியார் மருத்துவமனை தயாராக இருக்க வேண்டும் என்பது 586ஆம் சட்டத்தின் 38ஆவது பிரிவு. அதை நினைவில் வையுங்கள். பில்லை வரிவரியாகப் பிரித்துக் கேளுங்கள்.

கோரிக்கையை நிறுவனம் தள்ளினால், 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் நிதிச் சந்தை குறைதீர்ப்புச் சேவைக்குப் போகலாம். 2,50,000 வெள்ளி வரையிலான காப்புறுதித் தகராறுகளை அது இலவசமாகப் பார்க்கும். நிறுவனத்தின் இறுதிக் கடிதத்திலிருந்து ஆறு மாதம்தான்.

கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரசாங்கக் கிளினிக்கில் ரத்தத்தைப் பரிசோதியுங்கள். ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்கள் கிளினிக் தவணையை விட்டுவிடாதீர்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் மேல், டிராயரில், சாமி மேடைக்குக் கீழே கிடக்கும் காப்புறுதிக் கடிதங்களை எல்லாம் எடுத்து ஒரு கோப்பில் போடுங்கள். ஒவ்வொன்றிலும் வந்த தேதியை எழுதுங்கள். புரியாத கடிதம் இருந்தால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து படித்துச் சொல்கிறோம். காலண்டரில் அடகுக் கடைத் தேதிக்குப் பக்கத்தில் இந்தத் தேதிக்கும் ஒரு சிவப்பு வட்டம் போடுங்கள்.